முள் நூறில் நின்றது

சாய்ந்தமருதைத் தாண்டும்போது பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் நிற்கவில்லை. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சாரன், ஒரு ஷேர்ட், சொந்தக் காசில் வாங்கிய ஸ்குரூட்ரைவர். கல்முனைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது அவ்வளவுதான். அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு கடந்து போயின. ஒன்றில் ஏறியிருக்கலாம். கோபத்தில் நடக்கத் தொடங்கியிருந்தேன். கோபம் ஆறிய பிறகும் கால் நிற்கவில்லை.

நடந்துகொண்டே ஐஸ் காக்காவுக்கு கோல் எடுத்தேன். நான் போய்க்கொண்டிருந்த ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர், மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் காக்கா, அண்ணன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்று தெரியும். வேலை நேரத்தில் அவருடைய ஃபோன் வெளியே ஆணியில் தொங்கும் ஷேர்ட்டின் பைக்குள் கிடக்கும். உள்ளே கொண்டுபோனால் உப்புத் தண்ணீர் பட்டுப் பழுதாகிவிடும். அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேதான் காக்கா விடிந்ததிலிருந்து வெறுங்காலோடு நிற்கிறார். அவர் கையில் பிடித்திருக்கும் இரும்பைப் பாதுகாப்பானது என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டியது எங்கள் பட்டறை. அந்த ஸ்டிக்கர் பொய் என்று அன்று பகல்தான் எனக்குத் தெரிந்தது.

வேலைகளை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதுமென்று பொத்துவிலுக்குப் போய் வலை இழுத்தேன். பிறகு அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் படுக்கைத் துணி துவைத்தேன். கட்டாருக்குப் போய், அங்கிருந்து நெஞ்சில் சளியோடு திரும்பி வந்தேன். சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு போகம் அறுவடை மெஷினோடு திரிந்தேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. கல்முனையில் அந்தப் பட்டறையில்தான் முதல் தடவையாக, நாளைக்கும் இங்கே இருப்போம் என்று நினைத்தேன்.

அங்கே செய்தது மற்றவர்களுடைய மீற்றர்களைச் சரிபார்க்கும் வேலை. வயரிங் செய்பவர்கள், சோலார் பூட்டுபவர்கள், அரிசி ஆலைக்காரர்கள் எல்லோரும் தங்கள் கருவிகளைக் கொண்டுவருவார்கள். மீற்றர் பிழை காட்டத் தொடங்கினால் அதை வைத்திருப்பவனுக்குத் தெரியவராது. முள் எப்போதும்போலத்தான் அசையும். சரியான அளவு தெரிந்த ஒன்றோடு கொழுவிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பார்த்துத் திருத்தி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்போம். கூப்பிட்டால் போய் மோட்டர்களையும் சோதிப்போம்.

மோட்டர் சோதிக்க ஒரு கருவி இருந்தது. மெகர் என்போம். மோட்டருக்குள் ஓடும் மின்சாரம் அதன் இரும்பு உடம்புக்குக் கசிகிறதா என்று அது காட்டும். கசிவு இல்லாவிட்டால் முள் பெரிய எண்ணில் நிற்கும். கசியக் கசிய எண் குறையும். ஒரு கோடு இருக்கிறது, அதற்குக் கீழே முள் விழுந்தால் அந்த மோட்டரை யாரும் தொடக்கூடாது.

மெகரையும் சரிபார்க்க வேண்டுமல்லவா? அதற்கு முதலாளி ஒரு பெட்டி வைத்திருந்தார். தாய்ப்பெட்டி என்றுதான் அதற்குப் பெயர். வெள்ளை முகம், இரண்டு பித்தளைக் குமிழ்கள், நடுவில் நூறு என்ற எண். மெகரின் வயர்களைக் குமிழ்களில் கொழுவினால் முள் நூறில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெகரின் முதுகிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி நிற்கவைப்போம். பெட்டி பிழைக்காது, பிழைப்பது மெகர்தான். பட்டறையில் யாரும் அதை மாற்றி யோசித்ததில்லை. பெட்டியையும் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அந்த முறை அது பிந்திக்கொண்டே போனது.

முதலாளி தொழுகையாளி. வியாழக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் சாம்பிராணி போடுவார். வியாழன் பொழுது சாய்ந்தால் எங்களுக்கு வெள்ளி இரவு பிறந்துவிடும், எங்கள் பக்கத்துக் கடைகளில் நடப்பதுதான். சட்டியில் தணலை எடுத்துக்கொண்டு, நபிமேல் ஸலவாத்து ஓதிக்கொண்டே வாசலுக்குக் காட்டுவார், மேசைக்குக் காட்டுவார், கடைசியில் தாய்ப்பெட்டியின் மூடியைத் திறந்து அதன் முகத்துக்கு நேரே சட்டியைப் பிடித்து ஊதுவார். அதற்குத்தான் அதிக நேரம். பட்டறையின் பரக்கத், அதன் செழிப்பு முழுவதும் அந்தப் பெட்டியில் இருப்பதாக நம்பினார். எனக்கும் அந்த வாசம் பிடிக்கும். பெட்டி திறந்திருக்கும்போது கடற்காற்று ஜன்னலால் வந்து புகையைக் கலைத்துவிட்டுப் போகும்.

ஐஸ் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டது ஒரு மாதத்துக்கு முன்பு. அங்கே தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி, உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கி ஐஸ் கட்டியாக்குவார்கள். கட்டியானதும் பெட்டிகளை மேலே தூக்க ஒரு தூக்கு மோட்டர் உண்டு. தொட்டிக்கு மேலே போட்ட பலகையில் நின்று, அதன் இரும்புக் கொழுக்கியைப் பெட்டிகளில் மாட்டுவதுதான் காக்காவின் வேலை. அது ஓடும்போது ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டேயிருந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும் சுவிச் அது. பிழை மோட்டரிலா, சுவிச்சிலா என்று மனேஜருக்குத் தெரிய வேண்டும். நான் மெகரோடு போனேன். அன்று காலை தாய்ப்பெட்டியில் கொழுவி, நூறில் நிறுத்திவிட்டுத்தான் போனேன். தூக்கு மோட்டரில் முள் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. பாஸ். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்படியென்றால் சுவிச்தான் பழுது என்று மனேஜர் முடிவு செய்தார். புதிய சுவிச் வரும்வரை, பழையதைச் சுற்றி ஒரு வயரைப் போட்டு நேரே கரண்ட் எடுத்துக்கொண்டார்கள். மீன் நிறையப் படும் காலம், ஐஸுக்குப் படகுகள் வரிசையில் நின்றன. எல்லோருக்கும் சந்தோஷம். ஐஸ் காக்கா எனக்கு ஒரு பாரைக்குட்டி தந்து அனுப்பினார்.

அன்று, நான் நடந்த அந்தச் சனிக்கிழமை, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு மெகரைக் கொழுவத் தாய்ப்பெட்டியைத் திறந்தேன். வயரைக் கொழுவும்போது விரல் பெட்டியின் முகத்தில் பட்டது. விரல் கறுப்பாகிவிட்டது, பிசுபிசுத்தது. பார்த்தால் வெள்ளை முகம் தேயிலைச் சாயம் பட்டதுபோல இருந்தது. இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் இன்னும் கறுப்பு. ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு சாம்பிராணி மணத்தது. பிறகு மெகரைக் கொழுவினேன். காலையில் நூறில் நின்ற அதே மெகர். முள் நூறைத் தாண்டி, நூற்றைம்பதையும் தாண்டிப் போய் நின்றது.

திரும்பவும் கொழுவினேன். மற்ற மெகரையும் கொழுவினேன். அதுவும் அப்படியே.

கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து குமிழ்களுக்கு நடுவில் ஒரு பாதை போட்டிருந்தன. கரண்ட் பெட்டிக்குள்ளாலும் போயிருக்கிறது, வெளியே அந்த அழுக்காலும் போயிருக்கிறது. நூறு என்று நாங்கள் நம்பிய பெட்டி நூறாக இருக்கவில்லை, நன்றாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைந்த பெட்டிக்கு முள்ளைத் திருகித் திருகி நூறில் நிறுத்தியிருக்கிறோம். அப்படித் திருத்திய மெகர் எதைப் பார்த்தாலும் இருப்பதைவிட நல்லதாகச் சொல்லும். கோட்டுக்குக் கீழே கிடந்த மோட்டரைக் கோட்டுக்கு மேலே காட்டும்.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் முள்ளைப் பார்த்தார், பிறகு பஞ்சைப் பார்த்தார்.

"என்னடா செஞ்சாய்?"

"துடைச்சன் முதலாளி. கறுப்பாக் கிடந்திச்சி."

"ஆரக் கேட்டுத் துடைச்சாய்? இது என்ன, மீன் சட்டியா?"

"பெட்டி இப்பதான் நூறு முதலாளி. அழுக்கு இரிக்கக்குள்ள அது நூறில்ல. சாம்பிராணிப் புகை..."

"நிப்பாட்டு. சாம்பிராணிய இதுக்குள்ள இழுக்காத. வாப்பாட காலத்துல இருந்து போடுறம். ஸ்பிரிட்டப் போட்டுப் பெட்டிய நீ கெடுத்திட்டாய். ஒம்பதாம் வகுப்புப் படிச்சவன் எனக்குப் பெட்டி படிப்பிக்க வாறான்."

"நான் கெடுத்தனோ இல்லையோ, நம்மட ஸ்டிக்கரை நம்பித்தானே அங்க சுவிச்ச நேரப் போட்டிரிக்காங்க. அவங்களுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க. மோட்டர நிப்பாட்டட்டும்."

"பெட்டி கொழும்புக்குப் போய் வரட்டும். அதுக்குப் பொறகு பாப்பம். அதுவரைக்கும் ஒரு குஞ்சுக்கும் நீ வாய் திறக்கப்படாது."

"ஐஸ் காக்கா தொட்டிக்கு மேல நிக்காரு முதலாளி."

"ஒரு மாசமா நிக்காருதானே. மௌத்தாப் போனாரா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பட்டறைக்கு மேலே படுக்க இடம் தந்தவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து தந்தவர். பெட்டி பிழைத்தது என்றால் அவர் தாங்கியிருப்பார். சாம்பிராணியால் பிழைத்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். எனக்கும் முழுக்க நிச்சயமில்லை. ஸ்பிரிட் கெடுத்திருக்குமோ என்ற எண்ணம் காரைதீவு வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் சுவிச் விழுந்துகொண்டேயிருந்ததே. அது என்னிடம் படித்ததும் இல்லை, முதலாளியிடம் படித்ததும் இல்லை. அது சொன்னதைத்தான் நாங்கள் பச்சை ஸ்டிக்கரால் மூடினோம்.

ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது வெயில் தணிந்திருந்தது. வாசலில் மனேஜர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க சாம்பிராணி மௌலவி."

முதலாளி எனக்கு முன்னால் ஃபோனில் வந்து சேர்ந்துவிட்டார் என்று விளங்கியது.

"உங்கட முதலாளி கோல் எடுத்தாரு. நீங்க பெட்டிய ஒடைச்சிட்டு ஓடிட்டீங்களாம். மோட்டருக்கு ஒண்டுமில்லையாம்."

"ஒடைக்கல்ல சேர். துடைச்சன்." நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"தம்பி, ஊரெல்லாம் வெள்ளி ராவுல சாம்பிராணி போடுறாங்க. ஒரு வீட்டு பல்பாவது அதால பியூஸ் போயிரிக்கா? சொல்லுங்க பாப்பம்."

என்னிடம் மெகர் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டும் பட்டறையினுடையவை. வெறும் வாயோடு வந்திருந்தேன். "காக்காவப் பாத்திட்டுப் போறன்" என்றேன். "பாருங்க, ஆனா வேலையக் கெடுக்கப்படாது" என்றார்.

காக்கா அப்போதுதான் வெளியே வந்து, நீரிழிவுக்காகச் சீனி போடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார், கால் விரல்கள் உப்பில் வெளிறிச் சுருங்கியிருந்தன. ஆணியில் தொங்கிய ஷேர்ட்டுக்குள் ஃபோன் இன்னும் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கோல் எடுத்திரிக்காய். கலியாணமா தம்பி?"

"காக்கா, வேலை செய்யக்குள்ள கரண்ட் ஏதாவது அடிக்குதா?"

"இல்லையே."

"சின்னதா? எறும்பு கடிச்ச மாதிரி?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார். "அது சீனி வருத்தம் தம்பி. கை விறைக்கிது, நரம்பு ஓடுற மாதிரி ஒரு இது. கிளினிக்குல சொன்னன். டொக்டர் நரம்புக்குக் குளிசை தந்தாரு."

"எப்பயிருந்து?"

"கொஞ்ச நாளா. நீ வந்து ஸ்டிக்கர் ஒட்டினியே, அதுக்குப் பொறகு."

"வீட்ட இரிக்கக்குள்ளயும் விறைக்குமா?"

யோசித்தார். "ராவைக்குக் கொஞ்சம் கொஞ்சம். இஞ்ச நிக்கக்குள்ளதான் கூட."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை லீவுதானே. அண்டைக்கு ஒண்டும் தெரியிறல்ல. ஜும்ஆவுக்குப் போறன், அந்த பரக்கத்தா இரிக்கும்."

ஒரு மாதமாக இந்த மனிதர் கையில் கசிந்த கரண்டுக்குக் குளிசை விழுங்கிக்கொண்டிருக்கிறாரா? டொக்டரும் பாவம், தொட்டியைப் பார்த்தவரில்லை. மோட்டரில் கரண்ட் கசிகிறது என்று நான் சொன்னதும் காக்கா சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நில்லுங்க காக்கா. வேலைக்கு வராதீங்க."

"மகள்ட வீட்டுக்கு இன்னும் கூரை போடல்ல தம்பி. கூரை போட்டாத்தான் மாப்பிள்ளை வீட்டாக்கள் வருவாங்க. நான் நிண்டா இந்த இடத்துக்கு வேற ஆள் வந்து நிப்பான். அவனுக்கு மட்டும் அடிக்காதா?"

எழுந்து மனேஜரிடம் போனேன். காக்காவும் பின்னால் வந்தார். உள்ளே இருந்த இன்னும் சிலரும் என்னவோ நடக்கிறதென்று வாசலுக்கு வந்தார்கள்.

"சேர், நீங்க சொல்றது சரியா இரிக்கலாம். நான் பெட்டியக் கெடுத்த ஆளா இரிக்கலாம். ஒண்டு மட்டும் கேக்கன். சப்பாத்தக் கழட்டிட்டு அந்தப் பலகையில ஏறி நிண்டு, மோட்டர் ஓடக்குள்ள அந்தக் கொழுக்கிய ஒருதரம் புடிங்க. ஒருதரம்தான்."

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் வீம்புக்குப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? மனேஜர் சிரித்தார். "இது என்ன பெரிய..." என்று எழுந்தார். குனிந்து சப்பாத்தின் கயிற்றில் கைவைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றார். உள்ளே தொட்டியில் தண்ணீர் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு இப்ப வுழு இரிக்கி. அங்கயெல்லாம் ஏறேலா" என்றார்.

தொழுகைக்குக் கை கால் கழுவிய சுத்தம்தான் வுழு, அது கெட்டுவிடுமாம். காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனேஜரின் முகம் சிவந்திருந்தது. அவர் என்மேல் பாய்ந்தார்.

"சரி, மோட்டர நிப்பாட்டினா ஆர் ஐஸ் பெட்டிய இழுக்கிற? உங்கட முதலாளியா? படகெல்லாம் நிக்கிது. கட்டி கொறைஞ்சா என்னத்தான் கேப்பாங்க."

"பழைய கைச்செயின் கிடக்குதானே மூலைக்குள்ள. அதக் கொழுவினா கையால இழுக்கலாம்."

"ஆர் இழுக்கிற?"

"நான் இழுக்கன்."

"உங்களுக்கு வேலை?"

"இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கட்டாரிலிருந்து வந்த பிறகு நான் உடம்பு தேறவேயில்லை. "காலம்பற சுபஹ் தொழுதிட்டு வாங்க. மோட்டரத் திறந்து பாக்க ஆள் எடுப்பன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இழுங்க. கட்டி கொறைஞ்சா ரெண்டு பேரும் வீட்ட போகலாம்" என்றார். காக்காவையும் சேர்த்துத்தான் சொன்னார். அவருடைய வேலையையும் நான் பணயம் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காக்கா ஆணியிலிருந்து ஷேர்ட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, "வா, சோறு திம்பம்" என்றார்.

அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கடற்கரையில் ஒரு மீன்வாடிக்குள் வலைகளின்மேல் படுத்தேன். முதலாளி ஒருதரம் கோல் எடுத்தார். நான் எடுக்கவில்லை. பெட்டி என்ன ஆனது என்று கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் செய்தது, தூக்கு மோட்டரின் பியூஸ் கட்டைகளைக் கழற்றி என் சாரன் மடியில் செருகிக்கொண்டது. அவசரத்தில் யாராவது சுவிச்சைப் போட்டுவிடக்கூடாது. மோட்டரில் நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் இன்னும் புதிதாகவே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது, மீதி பசையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கைச்செயினைத் துரு தட்டி, எண்ணெய் விட்டு, மேலே கொழுவினோம். காக்கா பலகையில் ஏறினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். உள்ளங்காலில் உப்புத் தண்ணீர் பட்டதும் உடம்பு தானாகக் கூசியது, பியூஸ் என் மடியில் இருக்கிறது என்று தெரிந்தும்.

முதல் வரிசைப் பெட்டிகளைத் தூக்கி முடிப்பதற்குள் என் கைத்தோல் உரிந்துவிட்டது. மனேஜர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மோட்டரைத் திறக்கும் ஆள் எப்போது வருவான் என்று அவர் சொல்லவில்லை. வெளியே படகுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். காக்கா கொழுக்கியை மாட்டுவார், நான் இழுப்பேன், அவர் பெட்டியைக் கையால் தள்ளிச் சரிவில் விடுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் பிறகு நான் அவருடைய வலது கையைத்தான் பார்த்தேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கன். இண்டைக்குக் கை விறைக்காட்டி என்ன அர்த்தம்?"

"இவ்வளவு நாளும் கரண்ட் எண்டு அர்த்தம் காக்கா."

"விறைச்சா?"

"சீனி வருத்தம்."

அவர் கொழுக்கியை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுல எது நல்லம்?" என்றார்.

நான் செயினைப் பிடித்தேன். "மாட்டுங்க காக்கா" என்றேன். அவர் மாட்டினார், நான் இழுத்தேன்.